காலியாக விட்ட இடம்

லைல் ப்ரூவிட் உள்ளே வந்து கதவைச் சாத்தியபோதே செனட்டர் டாக்கெட்டுக்குச் சந்தேகம் தட்டியது. ஓக்லஹோமாவின் ‘தடையில்லாச் சந்தை ஆய்வு மைய’த் தலைவரான லைலுக்கு, எந்த மசோதாவைப் பற்றியும் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசித்தான் பழக்கம்.

முடிவெட்ட எதற்கு லைசென்ஸ், பூக்கடைக்கு எதற்கு லைசென்ஸ் என்று அவர் எழுதிக் கொடுத்த நான்கு மசோதாக்களை டாக்கெட்தான் சட்டமாக்கினார்.

லைல் இன்று நீட்டிய மசோதாவைப் படித்தவர், கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னய்யா இது? லைசென்ஸ் வேணும், பரீட்சை வேணும், அஞ்சு வருஷ அனுபவம் வேணும்னு இருக்கு!”

“கண்டவனெல்லாம் கடை விரிக்கிறான் செனட்டர். ஜனங்க ஏமாந்துடுவாங்க.”

“முடிவெட்டுறவங்க சங்கமும் இதையேதானே சொல்லுச்சு? போட்டிக்குப் பயந்தவன் பேச்சுன்னு சிரிச்சது யாரு?”

“அது வேற, இது வேற.”

“யாருக்கு வக்காலத்து வாங்குறே? டாக்டருங்களுக்கா, வக்கீலுங்களுக்கா? தொழில் பேரு எழுதுற இடத்தை ஏன் காலியா விட்டிருக்கே?”

லைல் ஜன்னல் திரையை விலக்கினார். எதிர்க் கட்டடத்தில் இரண்டு பேர் ஏணியில் நின்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்கெட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

‘புதிய தடையில்லாச் சந்தை ஆய்வு மையம்.’

“மசோதா எழுதுறது என்ன, முடிவெட்டுற மாதிரியா செனட்டர்?” லைல் திரையை இழுத்து மூடினார். “முறையாக் கத்துக்க வேணாமா?”