இமைக்குத் தகவல் போவதற்குள்

ஒரு ஸ்டூடியோ கேமராவின் ஃபிளாஷுக்குள் பேட்டரியும் கண்டென்சரும் குடியிருந்தன. பேட்டரி மின்சாரம் கொடுக்கும். கண்டென்சர் வாங்கிச் சேர்த்து வைக்கும்.

“குடுக்கக் குடுக்க முழுங்குறே. ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே வரலியே, தம்பி?” என்றது பேட்டரி.

“நிரம்பட்டும், அண்ணே.”

வெளியே அடைக்கலம் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டில் மகளுக்குப் பிரசவம். பாஸ்போர்ட்டுக்கு அவர் கொடுத்த இரண்டு படங்களும் திரும்பி வந்துவிட்டன; இரண்டிலும் கண் மூடியிருந்தது. விளக்கைப் போட்டாலே அவருக்குக் கண் கூசும்.

“என்கிட்ட விடு. நிதானமா நாள் முழுக்க எரிஞ்சு காட்டுறேன்,” என்றது பேட்டரி.

“அவரும் நாள் முழுக்கக் கண்ணை மூடிக்கிட்டிருப்பார், அண்ணே. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”

பேட்டரி முணுமுணுத்துக்கொண்டே ஊற்றியது. தயார் என்று சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்டூடியோக்காரர் பொத்தானை அழுத்தினார்.

சேர்த்த அத்தனையையும் கண்டென்சர் ஒரே மூச்சில் கொட்டியது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பார்கள். சரியாகச் சொன்னால் அதற்கும் குறைவு. வெளிச்சம் வந்த செய்தி இமைக்குப் போய்ச் சேர்வதற்குள் வெளிச்சமே போய்விட்டது. அதன்பிறகு அடைக்கலம் சாவகாசமாகக் கண்ணை மூடினார்.

படத்தில் இரண்டு கண்களும் கோலிக்குண்டு மாதிரி திறந்திருந்தன.

“எனக்கு இவ்வளவு பெரிய கண்ணா?” என்றார் அடைக்கலம்.

“இது திரும்பி வராது, சார்,” என்றார் ஸ்டூடியோக்காரர்.

“பாத்தியா, எல்லாம் என் மின்சாரம்,” என்றது பேட்டரி.

காலியாகிக் கிடந்த கண்டென்சர் மறுக்கவில்லை. “ஆமாண்ணே. அடுத்தவர் உக்காந்துட்டார், ஊத்துங்க.”