ஏழாம் எண் முளைக்குச்சி

தூர்ந்துபோன ஓடையை மீட்பதற்காக, பழைய கரையை அளந்து முளைக்குச்சி அடித்துக்கொண்டே வந்தார் சர்வேயர். குச்சிக்கு உள்ளே வருவதெல்லாம் ஓடைக்கு. ஏழாவது குச்சி அவர் வீட்டுக்குள்தான் விழ வேண்டும். மனசு கேட்கவில்லை. வேலிக்கு வெளியே, பத்தடி தள்ளி அடித்துவிட்டார்.

மறுநாள் குச்சி வேலிக்குள் நின்றது. "எவனோ வம்பு பண்றான்" என்று பிடுங்கி, பழையபடி அடித்தார். அடுத்த நாள் வாசற்படியில் நின்றது. அடுப்பில் போட்டு எரித்தார்.

மூன்றாம் நாள் காலை மனைவி கேட்டாள்: "ஏங்க, பாப்பா ரூம்ல எதுக்கு இதை அடிச்சு வெச்சிருக்கீங்க?"

ஓடிப்போய்ப் பார்த்தார். தரையில் ஒரு கீறல்கூட இல்லை. கரியேறிய குச்சியில், அவர் கையெழுத்திலேயே ஏழு. மகளின் கட்டில் குச்சிக்கு உள்ளே, ஓடையின் பக்கம் கிடந்தது. அவள் அசையாமல் தூங்கினாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.