எழுபது வருஷம், பதினாலு பிரதமர்

வில்ஃப் இடது கையை மூடியே வைத்திருந்தார். உள்ளங்கையில் இது எந்த வருஷம் என்று பேனாவால் எழுதியிருந்தார். காலையில் செய்தித்தாளின் உச்சியில் பார்த்து எழுதியது. வியர்வையில் அது கரைந்துகொண்டிருந்தது.

எதிரே நர்ஸ். சின்னப் பெண். இனிக்க இனிக்கப் பேசினாள். அப்படிப் பேசுகிறவர்களை அவர் நம்புவதில்லை.

பக்கத்து நாற்காலியில் மகள் லின், மடியில் கைப்பையோடு.

"வெறும் பத்துக் கேள்விதான் கண்ணு. ஞாபகம் எப்படி இருக்குன்னு பாக்கறதுக்கு. பயப்படாதீங்க."

கென்னிடமும் இதைத்தான் சொன்னார்கள். இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி மீன்பிடித் துறைமுகத்தில் முப்பது வருஷம் அவரோடு பெட்டி தூக்கிய கென். அவனுக்கும் பத்துக் கேள்வி. நாலுக்குத்தான் பதில் வந்தது. இரண்டு மாதத்தில் அவன் வீட்டு வாசலில் விற்பனைக்கு என்று பலகை நட்டார்கள். இப்போது முதியோர் இல்லத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். அவன் நாய் என்ன ஆயிற்று என்று வில்ஃப் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

வில்ஃபிடமும் ஒரு நாய் இருந்தது. டச்சஸ். கிழடு. ஒரு கண் தெரியாது. அவர் காலடியில் படுத்தால்தான் அதற்குத் தூக்கம் வரும்.

கொஞ்சம் தெளிவாக இருந்த ஒருநாள் கென் சொல்லியிருந்தான்: "சிம்மாசனத்துல யாருன்னு கேப்பாங்கடா. அதுல மட்டும் கோட்டை விட்டுறாத. எனக்கு அந்த நேரம் பாத்து எங்கம்மா பேருதான் வந்துச்சு."

அதனால் வில்ஃப் தயாராக வந்திருந்தார்.

சமையலறை அலமாரியில் ராணியின் எழுபதாண்டு ஆட்சி விழாவுக்கு விற்ற பிஸ்கட் டின் இருந்தது. மூடியில் ராணியின் முகம். பின்பக்கம் பொடி எழுத்தில் தேதிகளும் எண்களும். பிஸ்கட் தீர்ந்து எவ்வளவோ நாளாயிற்று. டச்சஸின் மாத்திரைகள்தான் உள்ளே கிடந்தன. மூலைகளில் துரு. மூன்று வாரம் அதை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளியில் ஒருநாளும் படிக்காத படிப்பைப் படித்தார்.

லினிடம் சொல்லவில்லை. மகள்தான். ஆனாலும் வீடு என்ன விலைக்குப் போகும் என்று தெரிந்தவள்.

"இது எந்த வருஷம் கண்ணு?"

மூக்கைச் சொறிகிற மாதிரி கையைத் திறந்தார். கடைசி எண்ணில் பாதிதான் மிஞ்சியிருந்தது. ஊகித்து ஒன்றைச் சொன்னார்.

நர்ஸ் குறி போட்டாள். லின் மூச்சு விட்டது கேட்டது.

"இருபதுலேருந்து பின்னாடி எண்ணுங்க பாப்போம்."

மீன் பெட்டி எண்ணிப் பழகிய வாய். பன்னிரண்டில் மட்டும் ஒருமுறை நின்றது. பிறகு பதினொன்று வந்தது.

"இப்ப சிம்மாசனத்துல யாரு?"

வந்துவிட்டது. வில்ஃப் முதுகை நிமிர்த்தினார்.

"மகாராணி. அம்பத்திரண்டு பிப்ரவரி ஆறு, பட்டத்துக்கு வந்தாங்க. நான் பன்னெண்டு வயசுப் பையன். மறுவருஷம் ஜூன் ரெண்டு, முடிசூட்டு. எழுபது வருஷம். இந்த நாட்டுல வேற எவரும் அத்தனை நாள் உக்காந்ததில்ல. பதினாலு பிரதமரப் பாத்தாச்சு. விழாவுக்கு நாடு பூரா மூவாயிரத்துக்கு மேல இடத்துல கொண்டாட்டத் தீ ஏத்துனாங்க. அவங்க வளத்த நாய் மட்டும் முப்பதுக்கு மேல. எல்லாம் குட்டைக்கால்."

நர்ஸின் பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது.

"அடேங்கப்பா. எனக்கே இவ்வளவு தெரியாது கண்ணு" என்றாள், முன்பைவிட இனிப்பாக.

லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே தாழ்வாரத்தில் டீ மெஷின். லின் காசு போட்டாள். வில்ஃபுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"எனக்கா மறதி? பாத்தியா, அந்தப் பொண்ணு வாயடைச்சுப் போனத!"

மீதிச் சில்லறை விழுந்தது. ஒரு பவுண்டு. எதற்கும் இருக்கட்டும் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எப்போதும் வலப்பக்கம் பார்க்கும் ராணியின் முகம் அதில் இல்லை. கிரீடம்கூட இல்லாத ஒரு கிழவன் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கள்ளக்காசு! ஆஸ்பத்திரியிலயே ஏமாத்துறானுங்க, பாரு."

"இல்லப்பா. புதுக் காசு அது. ராணியோட மகன்."

"புதுசா? ராணி இருக்கறப்ப மகனுக்கு எதுக்குக் காசு?"

லின் காசை வாங்கிக் கைக்குள் மூடிக்கொண்டாள். "வேற தர்றேன்" என்று கைப்பையைத் திறந்தாள்.

அவள் பையைத் துழாவிக்கொண்டே இருப்பதை அவர் பார்த்தார்.

"இப்ப வீட்டுக்குத்தானே போறோம்?" என்று கேட்டார். "டச்சஸுக்கு மாத்திரை குடுக்கணும்."

அவள் கையில் வந்த முதல் காசிலேயே ராணி இருந்தார். அதை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, தலை நிமிராமல், லின் இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.