பக்கத்து வீட்டுத் தாங்கி

"உதென்ன ஷவரோ, ஆட்டுக்குட்டி மூத்திரமோ?"

தலை நிறைய சோப்பு நுரையோடு குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு நின்றார் பரமலிங்கம்.

"வாளியிலை பிடிச்சு ஊத்துங்கோவன்" என்றாள் அவர் மனைவி கமலாவதி, குசினிக்குள் சமைத்தபடி.

"வாளியிலை குளிக்கிறதுக்கோ ஷவர் பூட்டினது? நாளையிண்டைக்கு மருமகன் வாறார். முதல் முதலா வாற மனுசன் இதுக்குக் கீழை நிண்டால் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்?"

பரமலிங்கம் ஆஸ்பத்திரியால் வந்த நாள் முதல் இதே கரைச்சல்தான். கிட்னி வருத்தத்தோடு படுத்திருந்தவரிடம், "உங்கள் கிணற்றில் உப்பு ஏறிவிட்டது, அந்தத் தண்ணீரை இனிக் குடிக்கக் கூடாது" என்று டொக்டர் சொன்னதும், மனிதர் கட்டிலில் எழும்பி உட்கார்ந்துவிட்டார்.

"பண்டத்தரிப்பிலை என்ரை கிணறு மாதிரி நல்ல தண்ணிக் கிணறு இல்லை டொக்டர். ஐயா வெட்டின கிணறு. செத்தாலும் அதைத்தான் குடிப்பன்."

சொன்னபடியே செய்தார். வீட்டுக்கு வந்ததும் குசினிக் குழாயில் ஒரு செம்பு பிடித்துக் குடித்துவிட்டு, "இளநீர் தோத்துது! உந்த டொக்டர்மாருக்கு என்ன தெரியும்?" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். உடம்பும் தேறியது. ஷவர்தான் தேறவில்லை.

"பைப் வேலைக்காரனுக்குச் சொல்லியிருக்கிறன், வருவான்" என்று கமலாவதி சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் வருவதாய்க் காணோம். பொறுமை போய், இளவாலையிலிருந்து வேறொரு பைப் வேலைக்காரன் சந்தியோகுவை அவரே கூப்பிட்டுவிட்டார்.

சந்தியோகு ஷவர் தலையைக் கழற்றினான். துளைகளில் படிந்திருந்த சுண்ணாம்பை ஊசியால் குத்தி, கழுவிப் பூட்டினான். தண்ணீர் பழையபடி சொட்டியது.

"வாற தண்ணியே காணாது ஐயா. வெளியிலை பைப்பைப் பாக்கவேணும்."

"காணும் தம்பி, இவ்வளவும் போதும், நீர் போம்" என்றாள் கமலாவதி அவசரமாக. அவள் சொல்லை யார் கேட்டார்கள்?

குளியலறைக்குப் பின்னால் மண்ணைக் கிளறியபோது, வீட்டுக் குழாயோடு பொருத்திய இன்னொரு குழாய் தெரிந்தது. அது மதிலுக்குக் கீழால் பக்கத்து வளவுக்குள் போயிருந்தது.

பரமலிங்கத்துக்கு இரத்தம் தலைக்கேறியது. பக்கத்து வளவு பஞ்சலிங்கத்துடையது. ஒரு முழ நிலத்துக்காக எல்லைச் சண்டை பிடித்து, பெண்கள் நுழைந்து வந்துபோன பொட்டு வழியோடு சேர்த்து வேலியைப் பிடுங்கி எறிந்து, பரமலிங்கம் கட்டிய மதில் அது. அன்றிலிருந்து இருவருக்கும் முகம் பார்த்த பேச்சில்லை. இப்போது பஞ்சலிங்கம், தரையோடு இருந்த தன் தண்ணீர்த் தாங்கிக்கு உயரமாகத் தூண் கட்டிக்கொண்டிருந்தார். "என்ரை தாங்கியை விட உயரத்திலை வைக்கப் போறானாம், எரிச்சல் பிடிச்சவன்" என்று அதற்கும் ஒரு பொருமல் இவருக்கு.

"டேய் பஞ்சலிங்கம்! தண்ணிக் கள்ளா! என்ரை கிணத்துத் தண்ணியோ உனக்குக் கேக்குது? இரு, பொலிசைக் கூட்டிக்கொண்டு வாறன்!"

தூணின் மேல் சாந்து பூசிக்கொண்டிருந்த பஞ்சலிங்கம் திரும்பினார். கமலாவதியை ஒருதரம் பார்த்தார். மறுபடி சாந்தைப் பூசத் தொடங்கினார்.

"இஞ்சாருங்கோ, கத்தாதேங்கோ. உள்ளுக்கு வாங்கோ" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடு! தம்பி, வெட்டு உந்தப் பைப்பை!"

"வெட்டினால் தண்ணி பாயும் ஐயா. முதல் உங்கடை தாங்கியைப் பூட்டிப்போட்டு வாறன்."

தாங்கிக்கு ஏறிய சந்தியோகு, தலையைச் சொறிந்துகொண்டு இறங்கி வந்தான்.

"தாங்கி முட்டத் தண்ணி நிக்குது ஐயா. பாசியும் பிடிச்சிருக்கு. ஆனால் வால்வு பூட்டித்தான் கிடக்கு. கனநாளாய்ப் பூட்டு. இறுகிப்போச்சு."

"விசர்க்கதை கதையாதை. அது பூட்டெண்டால் வீட்டுக்கு எங்காலை தண்ணி வருகுது?"

சந்தியோகு மதிலடிக் குழாயைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"இஞ்சையிருந்து அங்கை போகேல்லை ஐயா. அங்கையிருந்துதான் இஞ்சை வருகுது."

பரமலிங்கம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"நீங்கள் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை நான்தான் பஞ்சலிங்கத்தாரிட்டைப் போய்த் தண்ணி கேட்டனான். எங்கடை கிணறு உப்புத்தான், அவற்றை கிணறு நல்ல தண்ணி. செத்தாலும் அதைத்தான் குடிப்பன் எண்டு நிண்டியள். நீங்கள் சந்தேகப்படக் கூடாதெண்டு மோட்டரையும் சும்மா போட்டு நிப்பாட்டுறனான். எனக்கு நீங்கள் வேணும். வேறை என்ன செய்ய?"

இவ்வளவு நாளும் இளநீர் என்று ஊருக்குப் புகழ்ந்தது யாருடைய தண்ணீர் என்று பரமலிங்கத்துக்கு இப்போதுதான் விளங்கியது. சற்று முன் கத்திய 'கள்ளா' என்ற சொல் அவர் காதுக்குள்ளேயே திரும்பக் கேட்டது. வெட்கமாக இருந்தது. நிமிர்ந்து மதிலுக்கு மேலே பார்க்கத் தைரியம் வரவில்லை.

மேலேயிருந்து பஞ்சலிங்கத்தின் குரல்தான் முதலில் வந்தது.

"அண்ணை, உதை வெட்டிப்போடாதேங்கோ. என்ரை தாங்கி பதிவிலை, நிலத்தோடை இருக்கிறபடியால் உங்கடை ஷவருக்குத் தண்ணி ஏறுதில்லையெண்டு அக்கா சொன்னவ. அதுக்குத்தான் இந்தத் தூண். நாளைக்குத் தாங்கியை மேலை ஏத்திவிடுறன், மருமகன் வரமுதல் நல்லா ஊத்தும்."