இன்னும் புயல் ஆகவில்லை

டீக்கடை முருங்கை மரத்தடியில் ஏழு குஞ்சுகளோடு நின்ற கோழி, கடை ரேடியோவிடம் கேட்டது: "அண்ணே, காத்து பேயா அடிக்குதே! குஞ்சுங்களைக் கூட்டிக்கிட்டு வேற எங்கேயாவது போயிடவா?"

"பதறாதே. இது வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். புயல்னு அறிவிச்சா நானே சொல்றேன்."

மதியம் கிளைகள் முறுகிக் கிரீச்சிட்டன. கோழி மறுபடி கேட்டது.

"இப்போ ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். இன்னும் புயல் ஆகலை."

இவ்வளவு நீளமாகப் பேசுகிறவருக்குத் தெரியாதா என்று கோழி அங்கேயே இருந்துவிட்டது.

சாயங்காலம் முருங்கை முறிந்து குஞ்சுகள்மேல் விழுந்தது.

மறுநாள் ரேடியோ பெருமையாகச் சொன்னது: "பாத்தியா? கடைசிவரைக்கும் அது புயல் ஆகவே இல்லை."

முறிந்த கிளையடியில் சீய்த்துக்கொண்டிருந்த கோழி தலை நிமிரவில்லை.

"ஆமாண்ணே. புயல் ஆகியிருந்தா என் குஞ்சுங்க பிழைச்சிருக்கும்."