கேமராவின் பின்மூடி

ஞாயிற்றுக்கிழமைப் பகல் வெளிச்சம் சமையலறை ஜன்னல் வழியாக வந்து, பட்டாணி உரிக்கும் அம்மாவின் கைகளில் விழுகிறது. கூடத்தில் நிற்கும் மகள் மேஜைமேல் உள்ள இரண்டு கேமராக்களையும் மாறி மாறிப் பார்க்கிறாள். ஊரார் முகங்களைப் படமெடுத்துச் சம்பாதிக்கிறவள் அவள். ஆனால் வீட்டில் அம்மாவின் படம் ஒன்றுகூடக் கிடையாது. டிஜிட்டலில் எடுத்தால் அம்மா உடனே வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்து, "சகிக்கல, அழி" என்பாள். மகள் அழிக்கும்வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். அதனால் டிஜிட்டலை மேஜையிலேயே விட்டுவிட்டு, பழைய பிலிம் கேமராவோடு மகள் உள்ளே போகிறாள். ஒரு பட்டாணி தாவி ஓடுகிறது. அம்மா குனிகிறாள், நிமிர்கிறாள். மகள் கேமராப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறாள். "கொடு, பாக்கலாம்," என்று அம்மா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கேமராவை வாங்குகிறாள். பின்பக்கத்தில் திரை இல்லை. கறுப்பு மூடி மட்டும்தான். "இதுல பாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாதும்மா," என்கிறாள் மகள். அம்மா தலையாட்டுகிறாள். ஓரத்துக் குமிழை இரண்டு விரலால் பிடித்து மேலே இழுக்கிறாள். மூடி டக்கென்று திறந்துகொள்ள, பிலிம்மேல் ஜன்னல் வெளிச்சம் மொத்தமும் கொட்டி, எடுத்த படங்களை அழித்துவிடுகிறது. "நானும் இந்தக் கேமரா காலத்து ஆளுதான்டி. எங்கிட்ட உன் பாச்சா பலிக்காது." சொல்லிவிட்டு, கண்ணாடி மூக்கில் நழுவ, தோள் குலுங்க, வாய் கொள்ளாமல் சிரிக்கிறாள். அம்மா இப்படிச் சிரித்து மகள் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது. மகளுடைய ஆள்காட்டி விரல் தானாகவே காற்றை ஒருமுறை அழுத்துகிறது. டிஜிட்டல் கேமரா கூடத்து மேஜையில் இருக்கிறது.