தொப்பி போட்ட ஆறு

“உன் மெஷினே உனக்கு எதிரா சாட்சி சொல்லப் போகுது, பாரும்மா” என்றான் மூத்தவன், தம்பி மனைவியிடம்.

பட்டறை மேஜைமேல் இரண்டு துண்டுச் சீட்டுகள் கிடந்தன. தண்ணீர்த் தொட்டிக்குத் தகடு எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும் என்ற கணக்கு அது. அவள் சீட்டில் 2981 மில்லிமீட்டர். மூத்தவன் சீட்டில் 2961.

அந்தப் பட்டறையில் தகட்டைத் தொடுமுன் இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். ஒருவர் போடுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒத்துப்போனால்தான் கத்தி இறங்கும். மாமனார் வைத்த சட்டம்.

இன்று ஒத்துப்போகவில்லை. தகடு வெட்டுகிறவர் சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

“தப்பாப் போட்டவங்களுக்கு இனிமே இந்த மேஜையில வேலை இல்ல” என்றார் மாமனார். சொன்னது பொதுவாக, பார்த்தது மருமகளை. அவள் பட்டறைக்கு வந்ததே அவருக்கு ஆகவில்லை.

“நான் கணக்குப் படிச்சவ மாமா.”

“படிச்ச லட்சணத்தைத்தான் பார்க்கிறேனே. மறுபடி போடு, என் கண்ணு முன்னாடி.”

“நல்லாக் கேளுங்கப்பா” என்றான் மூத்தவன். “பாவம், வேர்த்துக் கொட்டுதேன்னு நானே எழுந்து போய் ஃபேனைக்கூடக் கூட்டிவிட்டேன். அப்படியும் தப்பு!”

அவள் தன் பழைய கால்குலேட்டரை எடுத்தாள். சோப்புப் பெட்டி கனத்தில் கறுப்பாக இருந்தது. தொட்டியின் விட்டம் 949, பெருக்கல், 3.1416. பொத்தான்கள் ஒவ்வொன்றும் ‘டிக்’கென்று அமுங்க, சிவப்பு எண்கள் எரிந்தன.

மாமனார் எதிரிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. எறும்பு அளவே இருந்த அந்த எண்களின் மேல், நீர்த்துளி மாதிரி எண்ணுக்கொரு குமிழ் லென்ஸ். கண்ணை நேராக வைத்தால்தான் எண் பெருத்துத் தெரியும். கொஞ்சம் விலகினால் வெறும் மினுக்கல்தான்.

“இந்தக் கர்மத்தைப் பார்க்கவே தனியா ஒரு நடை நடக்கணும் போல” என்று முனகியபடி மேஜையைச் சுற்றி வந்தார். அவள் நாற்காலிக்குப் பின்னால், ஃபேன் ரெகுலேட்டர் முதுகில் இடிக்க நின்று, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்தார்.

2961.3784.

“ஆறுதானே எரியுது? நீ ஏன் எட்டுன்னு எழுதின?”

“நான்தான் சொன்னேனே!” மூத்தவன் இடுப்பில் தொங்கிய தோல் உறையைத் தட்டினான். அதன் ஜிப் இழுத்து மூடியிருந்தது. “என் மெஷினும் அதைத்தான் சொல்லுச்சு. ரெண்டு மெஷின் பொய் சொல்லுமா?”

“மாமா, அது ஆறு இல்ல. எட்டு.”

வெட்டுகிறவர் சிரித்தேவிட்டார். மாமனாருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. “எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுங்கிறியா?”

அவள் எண்ணை அழித்துவிட்டு, கட்டங்கள் நிறையும்வரை எட்டையே அழுத்தினாள். எல்லாக் கட்டத்திலும் எட்டு எரிந்தது. இடமிருந்து மூன்றாவதில் மட்டும் ஆறு.

“ஒவ்வொரு கட்டத்துலயும் ஏழு கோடு இருக்கு மாமா. எட்டு வரணும்னா ஏழும் எரியணும். போன வாரம் கீழ விழுந்ததுல மூணாவது கட்டத்துல வலது மேல்கோடு செத்துப்போச்சு. அதான் எட்டு அப்படித் தெரியுது.”

“அப்ப நிஜமாவே ஆறு வந்தா எப்படித் தெரியும்?”

அவள் ஆறையே வரிசையாக அழுத்தினாள். எந்த ஆறுக்கும் உச்சியில் கோடு இல்லை. “இந்த மெஷின்ல ஆறு மொட்டைத் தலை. தொப்பி போட்டிருந்தா அது எட்டு.”

மாமனார் குனிந்தபடியே இருந்தார். மூத்தவன் விடுவதாக இல்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

“கேட்டீங்களாப்பா? ஓட்டை மெஷின்னு அவளே ஒத்துக்கிட்டா! இதை வெச்சுக்கிட்டு நம்ம தகட்டுல கத்தி வைக்க வந்திருக்கா. முதல்ல வீட்டுக்கு அனுப்புங்க!”

“இரு. மத்த மெஷின்லயும் இந்தக் கோளாறு இருக்குமா?”

“எப்படி இருக்கும்? கீழ போட்டு உடைச்சது இவ. உலகத்துலயே இந்த ஒரு மெஷின்லதான் எட்டு ஆறாத் தெரியும்!”

மாமனார் மெதுவாக நிமிர்ந்தார். ரெகுலேட்டர் மறுபடி முதுகில் இடித்தது. திரும்பி அதைப் பார்த்தார். பிறகு மூத்தவன் இடுப்பிலிருந்த உறையைப் பார்த்தார்.

“அப்ப உன் மெஷின்ல எப்படிடா ஆறு வந்துச்சு?”